இறுதிச் சுற்று வரை: தேசியத் திறனாய்வுத் தேர்வு நடந்து வந்த பாதை

பத்தாம் வகுப்புப் படிக்கும் குழந்தை உள்ள வீடுகளில் என்.டி.எஸ்.இ. என்ற நான்கு எழுத்துகள் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பரிச்சயமானவை. தில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி, பெங்களூரு என்று எந்த ஊரில் வசித்தாலும், "பையன் ஸ்டேட் லெவல் பாஸ் பண்ணிட்டான், இனிமே நேஷனல் லெவல்தான்" என்று ஒரு தாயார் பெருமையுடன் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். 1963இல் தொடங்கி 2021 வரை 58 ஆண்டுகள் நடந்த அந்தத் தேசியத் திறனாய்வுத் தேர்வு இன்று நடைபெறுவதில்லை. நின்றுபோன ஒன்றைப் பற்றி இப்போது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இறுதிச் சுற்றுக்கு யாரை அழைப்பது, அங்கே அவர்களிடம் எதைக் கேட்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்தத் தேர்வு ஐந்தாறு முறை விடையை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒன்று கிடைத்தது; ஒன்று கைவிட்டுப் போனது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், நம் குழந்தைகளை இன்று எந்தப் போட்டிக்கு அனுப்பும்போதும் எதைக் கவனிக்க வேண்டும் என்பது விளங்கும்.

தில்லியில் பத்துப் பேர்

சுதந்திரம் பெற்ற முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளில் நம் நாட்டின் தலைவர்களுக்கு விஞ்ஞானத்தின் மேல் அபார நம்பிக்கை இருந்தது. 1958 மார்ச் மாதத்தில் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 1961 செப்டம்பரில் என்.சி.இ.ஆர்.டி. எனப்படும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் அமைந்தது. அணைகளும் ஆய்வுக்கூடங்களும் எழும்பிக் கொண்டிருந்தன. அவற்றில் வேலை செய்யும் விஞ்ஞானிகள் பள்ளிக்கூடங்களிலிருந்துதான் வர வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைகளை இளம் வயதிலேயே கண்டுபிடித்து, ஆராய்ச்சிப் பட்டம் வரை படிப்புக்கு உதவுவது என்ற எண்ணத்தில் 1963இல் தேசிய விஞ்ஞானத் திறன் தேடல் திட்டம் பிறந்தது.

முதல் ஆண்டில் தில்லி யூனியன் பிரதேசத்தில் மட்டுமே நடந்தது. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு மொத்தம் 10 உதவித்தொகைகள். மறு ஆண்டே, 1964இல், திட்டம் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்து 350 உதவித்தொகைகள் ஆயிற்று. அந்நாளில் பதினோராம் வகுப்புதான் பல மாநிலங்களில் பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பு. சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு, அதற்கு மேல் பி.யு.சி. என்றிருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த முதல் தலைமுறை மாணவர்கள் நான்கு படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. விஞ்ஞான அறிவைச் சோதிக்கும் எழுத்துத் தேர்வு ஒன்று. கொடுக்கப்பட்ட விஞ்ஞானத் தலைப்பில் ஒரு கட்டுரை. மாணவன் தானாகச் செய்து பார்த்த ஒரு ஆய்வைப் பற்றிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட். இதைத் தேர்வு எழுத வரும்போதே கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இம்மூன்றிலும் மேலாக வந்தவர்களை மட்டும் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். கடைசியில் நான்கையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்தார்கள். உதவித்தொகை பெற்றவர் அடிப்படை விஞ்ஞானம்தான் படிக்க வேண்டும். என்ஜினீயரிங்கோ மருத்துவமோ படிப்பதற்கு இந்தப் பணம் கிடையாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு அழகு இருந்தது. பாடப் புத்தகத்தை ஒப்பிக்கத் தெரிந்தால் போதாது. எதையாவது செய்து பார்த்திருக்க வேண்டும், அதை எழுதத் தெரிய வேண்டும், நேரில் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். சாஸ்திரம் படித்தவனைச் சதஸில் உட்கார்த்தி வைத்துக் கேள்வி கேட்பதைப் போன்றதுதான் இதுவும். ஆனால் ஒரு குறையும் கூடவே இருந்தது. ப்ராஜெக்ட் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டும், வழிகாட்ட ஒரு ஆசிரியர் வேண்டும். தாலுகா தலைநகரத்துப் போர்டு ஹைஸ்கூலில் ஒரு பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், பெரிய நகரத்துப் பள்ளி மாணவனுக்குச் சமமாக அங்கே எப்படி நிற்பான்? இறுதிச் சுற்றின் கேள்விகள் உயர்வாக இருந்தன. அதற்கு வரும் வழிதான் குறுகலாக இருந்தது.

1976: கட்டுரை போயிற்று, கட்டங்கள் வந்தன

1970களின் நடுவில் 10+2+3 என்ற புதிய கல்வி முறை நாட்டில் பரவத் தொடங்கியது. (தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ 1978இல் வந்தது.) அதை ஒட்டி 1976இல் இந்தத் திட்டமும் உருமாறியது. 'விஞ்ஞானம்' என்ற சொல் பெயரிலிருந்து நீங்கி, தேசியத் திறன் தேடல் திட்டம் என்றாயிற்று. சமூகவியல் பாடங்கள், என்ஜினீயரிங், மருத்துவம் படிப்போருக்கும் உதவித்தொகை உண்டு என்றார்கள். கல்வி முறை மாறிக்கொண்டிருந்த சமயம் ஆதலால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று வகுப்பு மாணவர்களும் எழுதலாம், உதவித்தொகைகள் 500.

தேர்வு முறையும் அடியோடு மாறியது. கட்டுரையும் ப்ராஜெக்டும் எடுக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று மனத்திறன் தேர்வு, சுருக்கமாக 'மேட்'. மற்றொன்று பாட அறிவுத் திறன் தேர்வு, 'சேட்'. எண் வரிசையில் விட்டுப்போனது எது, இந்தச் சொல்லைச் சங்கேத எழுத்தில் எப்படி எழுதுவது, கண்ணாடியில் இந்த உருவம் எப்படித் தெரியும், வடக்கே பத்து மீட்டர் நடந்து வலப்புறம் திரும்பினால் எங்கே நிற்பாய் என்றெல்லாம் கேட்கும் 'மேட்' வினாக்கள் பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் புதிர்களாகப் போடப்பட்டவை. இரண்டு தாள்களிலும் மேலாக வந்தவர்கள் நேர்முகத்துக்குப் போனார்கள். மூன்று மதிப்பெண்களும் சேர்ந்து முடிவைத் தீர்மானித்தன.

ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளி மாணவனுக்கு இது ஒரு வகையில் நல்லதாயிற்று. பென்சிலும் தாளும் போதும். ஆனால் ஒரு பதினைந்து வயதுக் குழந்தை தானாக எதையாவது செய்து பார்த்ததா என்று கேட்கும் வழக்கம் அன்றோடு போயிற்று. பிறகு திரும்பி வரவே இல்லை.

உதவித்தொகைகள் 1981இல் 550 ஆயின. கூடுதலான 50 இடங்கள் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. 1983இல் மொத்தம் 750, அவற்றில் 70 அவ்வாறே ஒதுக்கப்பட்டவை.

1985: இரண்டு வாசல்கள்

இந்தத் தேர்வின் சரித்திரத்தில் மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் 1985ஆம் ஆண்டைத்தான் சொல்ல வேண்டும். அதுவரை முழுத் தேர்வையும் என்.சி.இ.ஆர்.டி.யே நடத்திவந்தது. அந்த ஆண்டு முதல் பத்தாம் வகுப்புக்கு மட்டும் என்று வரையறுத்து, முதல் கட்டத்தை மாநிலங்களிடம் ஒப்படைத்தார்கள். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் இதை நடத்திற்று. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் மாணவர்களைப் பரிந்துரைக்க, நாடெங்கிலும் இருந்து ஏறக்குறைய 3,000 பேர் இரண்டாம் கட்டத்துக்கு வந்தனர்.

அந்த எண்ணிக்கை எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உயர்நிலை வகுப்புகளில் ஒரு மாநிலத்தில் எத்தனை மாணவர்கள் படிக்கிறார்களோ, அந்த விகிதத்தில் அம்மாநிலத்துக்கு இடம். எவ்வளவு சிறிய மாநிலமானாலும் குறைந்தது 10 பேர் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை இந்தக் கணக்கை மறுபடி பார்ப்பார்கள். ஆக, நாகாலாந்திலிருந்தோ அந்தமானிலிருந்தோ யாராவது நிச்சயம் இரண்டாம் கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதனால் சில மனத்தாங்கல்களும் எழுந்தன. ஒரு மாநிலத்தில் தேறுவதற்குப் போதுமான மதிப்பெண் இன்னொரு மாநிலத்தில் போதவில்லை. வினாத்தாள்களும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. போட்டி மிகுந்த தில்லியில் வெளியே நின்ற பிள்ளை, வேறொரு மாநிலத்தில் எழுதியிருந்தால் உள்ளே போயிருக்கலாம் என்ற ஆதங்கம் பல பெற்றோருக்கு உண்டு. ஆனால் இரண்டாம் கட்டத்தில் மாநிலக் கணக்கு எதுவும் கிடையாது. நாடு முழுவதற்கும் ஒரே தாள், அகில இந்திய அளவில் ஒரே தரவரிசை. சட்டப்படியான இடஒதுக்கீடு மட்டும் பொருந்தும்: 1995இல் அந்த 70 இடங்கள் 15 சதவீதம், 7.5 சதவீதம் என்ற தேசிய விகிதங்களாக மாற்றப்பட்டன. முதல் வாசலை அகலமாக்கி எல்லாப் பிரதேசத்துப் பிள்ளைகளையும் உள்ளே விடுவது, இரண்டாம் வாசலில் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது என்பதுதான் அந்த ஏற்பாடு.

உத்தியோக மாற்றலில் ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்கு இன்னொரு விதி பெரிய வரப்பிரசாதமாக அமைந்தது. பூர்வீகம் எது என்று யாரும் கேட்கவில்லை. குழந்தை எந்த மாநிலத்தில் படிக்கிறதோ அந்த மாநிலத்தின் சார்பில் எழுதலாம். கும்பகோணத்துக் குடும்பத்துப் பெண் ஜாம்ஷெட்பூரில் படித்தால் அவள் அந்த மாநிலத்து மாணவி, அவ்வளவுதான். வெளிநாட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் இந்திய மாணவர்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு நேராக இரண்டாம் கட்டத்தையே எழுதவும் வழி இருந்தது.

கடல் தாண்டி ஒரு ஒப்பீடு

பேரக்குழந்தைகள் அமெரிக்காவில் படிக்கும் அன்பர்கள் 'நேஷனல் மெரிட் ஃபைனலிஸ்ட்' என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். அந்தத் திட்டம் 1955இல் தொடங்கியது. 1971 முதல், அங்கு பதினோராம் வகுப்பில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. தேர்வே அதன் நுழைவாயில். ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். அவர்களில் சுமார் 50,000 பேர் பாராட்டுக்கு உரியவர்கள். அவர்களுள் ஏறக்குறைய 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட்டுகள். அங்கும் மாநிலக் கணக்கு உண்டு. பள்ளி இறுதியை முடிப்போரின் எண்ணிக்கைக்கு ஏற்ப இடங்கள் பிரிக்கப்படுவதால், நியூ ஜெர்சியில் தேவைப்படும் மதிப்பெண் வயோமிங்கில் தேவைப்படுவதில்லை.

ஆனால் அதற்கு அடுத்த படிதான் நம்முடையதிலிருந்து வேறுபடுகிறது. செமிஃபைனலிஸ்ட் ஆனவர் விண்ணப்பம், ஒரு கட்டுரை, பள்ளியில் தொடர்ந்து நன்றாகப் படித்ததற்கான சான்று, தலைமை ஆசிரியரின் பரிந்துரை, முதல் மதிப்பெண்ணை உறுதிசெய்யும் இன்னொரு தேர்வு மதிப்பெண் ஆகியவற்றைத் தர வேண்டும். இவற்றைச் சரியாகச் செய்தவர்களில் 15,000 பேருக்கு மேல் ஃபைனலிஸ்ட் ஆகிவிடுகிறார்கள். அதாவது 16 பேரில் 15 பேர். பண உதவி அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கிடைக்கிறது. ஆனாலும் ஃபைனலிஸ்ட் என்ற அந்தஸ்தே ஒரு தகுதியாகக் கருதப்படுகிறது.

நம் நாட்டிலோ 1985இல் இரண்டாம் கட்டத்துக்கு வந்த சுமார் 3,000 பேரில் 750 பேருக்குத்தான் உதவித்தொகை, நால்வரில் ஒருவர். மீதி மூவருக்குப் பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. தன் மாநிலத்தின் மிகச் சிறந்த மாணவர்களுள் ஒருவராக வந்த குழந்தை, மே மாதத் தேர்வில் இரண்டொரு மதிப்பெண் குறைந்ததால் 'கிடைக்கவில்லை' என்று தலை குனிந்து வீடு திரும்பியது. இறுதிச் சுற்றை எட்டியதே ஒரு சாதனை என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. இந்த விஷயத்தில் அமெரிக்க முறை நமக்கு ஒரு பாடம் என்றே சொல்ல வேண்டும்.

விரிவும் முடிவும்

2000ஆம் ஆண்டில் உதவித்தொகைகள் 1,000 ஆயின. 2006இல் இன்னும் இளம் வயதில் திறமையைக் கண்டறிவோம் என்று தேர்வை எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோனார்கள். அந்நாளில் மாதம் ரூ.500. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பத்தாம் வகுப்புக்கே திரும்பினார்கள். உதவித்தொகையும் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வகுப்புகளுக்கு மாதம் ரூ.1,250 என்றும், பட்டப் படிப்பிலும் மேற்பட்டப் படிப்பிலும் ரூ.2,000 என்றும் உயர்ந்தது. தமிழ் உட்பட 13 மொழிகளில் இரண்டாம் கட்டத் தேர்வை எழுத வசதி இருந்தது. கடைசி ஆண்டுகளில் உதவித்தொகைகள் 2,000 என்று இரட்டிப்பாயின.

இதற்கிடையில் 2010களில் நேர்முகத் தேர்வும் கைவிடப்பட்டது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாய்மொழியில் படித்த கிராமத்துப் பிள்ளை, பழக்கமில்லாத பெரியவர்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் அறைக்குள் நுழைந்தவுடன் நாக்கு எழாமல் நிற்பான். நகரத்துப் பிள்ளை சரளமாகப் பேசிவிடுவான். அந்த வித்தியாசத்துக்கு மதிப்பெண் போடுவது சரியா? ஆனால் அதன் பிறகு எஞ்சியது 'மேட்'டில் 100 வினாக்கள், 'சேட்'டில் 100 வினாக்கள் மட்டுமே. கட்டுரை, ப்ராஜெக்ட், நேர்முகம் என்று 1964இல் இருந்த மூன்றும் போய், கட்டத்தைக் கறுப்பாக்கும் ஒன்றே நின்றது. அத்தகைய தேர்வுக்குத் தனி வகுப்பு நடத்துவது சுலபம். பயிற்சி நிலையங்கள் அதற்கென்றே வகுப்புகள் வைத்தன. கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அனுகூலம் மறுபடியும் வேறு உருவில் வந்து சேர்ந்தது.

இந்தத் திட்டத்துக்கு அரசு அளித்திருந்த ஒப்புதல் 2021 மார்ச் 31 வரைக்கும்தான். பழைய வடிவிலேயே மேலும் நடத்துவதற்கு ஒப்புதல் கிடைக்காததால் தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் எழவில்லை. விஞ்ஞானம் படிக்க விரும்பும் மாணவர்களுக்காக 1999இல் தொடங்கிய கே.வி.பி.ஒய். தேர்வும் 2022இல் நின்று, இன்ஸ்பயர் திட்டத்தில் இணைக்கப்பட்டது. அகில இந்திய அளவில் புகழ்பெற்ற இரண்டு கதவுகள் ஒன்றரை ஆண்டுக்குள் சாத்தப்பட்டுவிட்டன.

போனது என்ன?

மாதம் ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் போனதைப் பற்றி மட்டும் பேசினால் விஷயம் பிடிபடாது. ஜே.இ.இ., நீட் போன்றவை ஒரு கல்லூரி இடத்துக்கான போட்டிகள். இடம் கிடைத்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி. திறனாய்வுத் தேர்வு அப்படியல்ல. அதில் வென்றால் எந்தக் கல்லூரியிலும் இடம் நிச்சயமில்லை. "உனக்குத் திறமை இருக்கிறது, நீ எதைப் படித்தாலும் உன் பின்னால் நாங்கள் இருக்கிறோம்" என்று ஒரு தேசம் பதினைந்து வயதுக் குழந்தையிடம் சொன்ன சொல் அது. 'சேட்' தாளின் 100 வினாக்களில் 40 சரித்திரம், பூகோளம், குடிமையியல், பொருளாதாரம் சார்ந்தவை. கணக்கும் விஞ்ஞானமும் மட்டும் படித்த பிள்ளை அங்கே தேற முடியாது. மேற்படிப்புக்கு முந்திய வயதில் சரித்திரத்துக்கும் சம மரியாதை தந்த ஒரு பெரிய போட்டி நம் நாட்டில் அது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது.

இன்று இருப்பவை எவை? அரசு, உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிப்போருக்காக 2008இல் வந்த தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம் நடந்து வருகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு, ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ரூ.12,000. பெற்றோர் வருமானம் ரூ.3.5 லட்சத்துக்கு மேற்படக் கூடாது. இங்கும் தேர்வை நடத்துவது மாநிலங்கள்தான். மாநில வாரியாக இடம் உண்டு. 'மேட்', 'சேட்' என்ற அதே இரண்டு தாள்கள்தான். 1985இல் போட்ட பாதையில்தான் இந்த வண்டியும் ஓடுகிறது. கணிதம், இயற்பியல் முதலான ஒலிம்பியாட் போட்டிகளும் படிப்படியாக வடிகட்டி இறுதியில் ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுக்கின்றன.

இந்தச் சரித்திரத்திலிருந்து குடும்பங்களுக்குச் சில நடைமுறை விஷயங்களைச் சொல்லத் தோன்றுகிறது. முதலாவது, எந்தப் போட்டியிலும் அதிகம் பேர் தவறவிடுவது முதல் வாசலைத்தான். விண்ணப்பம் பெரும்பாலும் பள்ளித் தலைமை ஆசிரியர் மூலமாகத்தான் போகிறது. அறிவிப்பு வந்ததே தெரியாமல் தேதி கடந்துபோன குழந்தைகளை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளியில் விசாரித்து வைப்பது நல்லது. இரண்டாவது, குழந்தையைத் தானாக எதையாவது செய்து பார்க்கவும், பார்த்ததை நாலு பக்கம் எழுதவும் பழக்குங்கள். இன்றைய தேர்வுகள் அதைக் கேட்பதில்லை என்பதற்காக அதன் மதிப்பு குறைந்துவிடாது. மூன்றாவது, கடைசிப் படியில் நின்றுபோன குழந்தையிடம், அதுவரை ஏறிவந்த படிகளை எண்ணிக் காட்டுங்கள்.

கல்வி உதவி வழங்கும் சங்கங்களும் அறக்கட்டளைகளும் கூட இதைச் சற்று யோசிக்கலாம். யாருக்குத் தருவது என்று கமிட்டி கூடி மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். விண்ணப்பப் படிவம் எந்தெந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது, எந்தெந்தக் கிளையிலிருந்து ஒன்றுகூட வரவில்லை என்று எத்தனை முறை கணக்குப் பார்த்திருக்கிறோம்? 1985இல் என்.சி.இ.ஆர்.டி. கேட்டுக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

1960களிலும் 70களிலும் ப்ராஜெக்ட் எழுதி, நேர்முகத்துக்குப் போய் இந்த உதவித்தொகையைப் பெற்றவர்கள் இப்போது எழுபதை ஒட்டிய வயதில் இருப்பார்கள். நம் அங்கத்தினர்களிலும் அவர்களுடைய உற்றார் உறவினரிலும் சிலர் நிச்சயம் இருப்பார்கள். அன்று என்ன ப்ராஜெக்ட் செய்தீர்கள், நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், இன்று பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் ஆவலோடு படிப்பார்கள்.